மறைந்தோர்க்கு முழங்கும் முரசு
(துணைப்படை இசைஞர்களும் நம் சமுதாயமும்)

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டுமென நிருவாகக் குழுவினர் எம்மைப் பணித்தனர். எதைப் பற்றி எழுதுவது என்று யாம் எண்ணிக்கொண்டிருந்தபோது, சங்கத்தின் இரவுப் பாடசாலையில் பயிலும் மாணவன் ஒருவன் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினான். "ஐயா, பறையடிக்க மாட்டோம் என்று நம் பெரியவர்கள் சபதம் செய்தார்கள் என்று சொல்லுகிறீர்கள். பள்ளிக்கூடத்துப் பேண்டில் டிரம் அடிக்க மட்டும் எங்களை ஏன் அனுப்புகிறீர்கள்? இரண்டும் தோல்தானே?" என்பதே அவ்வினா.

அக்கணத்தில் எம்மால் நல்ல விடை கூற இயலவில்லை. ஏற்காட்டு மலைப்பகுதியில் பல்லாண்டுகள் ஆசிரியப்பணி ஆற்றிய காலத்தில் யாம் கண்டறிந்த ஒரு பெரியவரின் வாழ்க்கையே அதற்கு விடை என்று பின்னரே தோன்றிற்று. அவர் பிரதேச இராணுவம் எனப்படும் டெரிடோரியல் ஆர்மியில், அதாவது நாட்டின் துணைப்படையில், இசைஞராகப் பணிபுரிந்தவர். அவரைப் பற்றிக் கூறுமுன், படையில் இசை பெற்ற இடத்தையும், அவ்விசையோடு ஒடுக்கப்பட்ட மக்கள் கொண்ட தொடர்பையும் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

முரசும் நடுகல்லும்

போரும் இசையும் தமிழகத்தில் பிரிக்க முடியாதனவாக இருந்தன. அரசனுடைய வீரமுரசு கொடிக்கும் குடைக்கும் நிகரான மதிப்புப் பெற்றிருந்தது. தகடூரை வென்ற சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில் அறியாது படுத்துறங்கிய மோசிகீரனார் என்னும் புலவரை, வாளால் வெட்டாமல் அம்மன்னன் கவரி வீசி நின்ற வரலாற்றைப் பள்ளி மாணவரும் அறிவர். அத்தகடூர் இன்றைய தருமபுரியே. நம் சேர்வராயன் மலைக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் அது.

முரசு வைக்கும் கட்டிலுக்கே இத்துணைச் சிறப்பு என்றால், அதனை முழக்கியவர்கள் இழிந்தவர்களாக இருந்திருக்க இயலுமா? துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளையும் சிறந்த குடிகளாக மாங்குடி கிழார் புறநானூற்றுப் பாடல் ஒன்றில் எண்ணிக் கூறுகிறார். அதே பாடல், போரில் வீழ்ந்த வீரனுக்கு நட்ட கல்லே வணங்கத்தக்கது என்னும் கருத்தையும் தாங்கி நிற்கிறது. முழவு கொட்டும் குடியும் வீரர்க்கு எடுத்த கல்லும் ஒரே பாட்டில் இடம்பெற்றிருத்தல் ஈண்டு எண்ணத்தக்கது.

தருமபுரி, கிருட்டிணகிரி, செங்கம் பகுதிகளில் நூற்றுக்கணக்கான நடுகற்கள் கிடைத்துள்ளன. கல்லைத் தேர்வதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரையிலான ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. மாண்ட வீரனை நினைவுகூர்தல் ஊரார் அனைவரும் கூடிச் செய்த கடமையாக அன்று விளங்கிற்று. பிற்காலத்தில் சாதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது வீரனும் மறக்கப்பட்டான். முழக்கியவனும் ஊருக்குப் புறத்தே தள்ளப்பட்டான். முரசு முழக்கம் கட்டாய ஊழியமாயிற்று. எவர் வீட்டில் எவர் இறந்தாலும், அழைத்தவுடன் சென்று, ஒரு படி தானியத்திற்கும் கள்ளுக்கும் இரவு முழுவதும் அடித்தாக வேண்டும் என்னும் நிலை வந்தது. எம் தந்தையாரும் அவ்வாறு அடித்தவரே. இதனை எழுத யாம் நாணவில்லை. அவர் அடித்த கூலியில்தான் எமக்கு முதல் சிலேட்டு வாங்கப்பட்டது.

கும்பினிப் படையில் இசைஞர்

ஐரோப்பியர் வருகைக்குப் பின் புதியதோர் இசை தமிழகத்தில் ஒலித்தது. சென்னைக் கோட்டையில் கும்பினிப் படையின் டிரம்மும் குழலும் எக்காளமும் நாள்தோறும் முழங்கின. அவ்விசை மக்களிடையே பரவிய விதம் வியப்பிற்குரியது. முத்துசாமி தீட்சிதர் (1775-1835) அப்பேண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவற்றை நோட்டுசுவரங்கள் என்பர். இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தம் அரண்மனையிலேயே மேனாட்டு முறைப் பேண்டு ஒன்றை அமைத்தார். அக்காலத்தே தஞ்சையில் நுழைந்த கிளாரினெட்டு முதலில் சதிர்க் கச்சேரிக்கும் பின்னர்க் கருநாடக இசைக்கும் உரிய கருவியாயிற்று. இன்று திருமணத்திற்கு வரும் பேண்டு செட்டு அப்பட்டாளத்துப் பேண்டின் பெயரனே எனலாம்.

எனினும் கும்பினிப் படையிலும் இசைஞனுக்கு முதலிடம் தரப்படவில்லை. 1795இல் கும்பினி ஓர் ஆணை பிறப்பித்தது. தந்தை, தாய் இருவருமே ஐரோப்பியராக உள்ளவர் தவிர மற்றையோர் படையில் சேரலாகாது. ஆனால் குழலூதுவோராகவும் டிரம் அடிப்போராகவும் பேண்டு வாசிப்போராகவும் குதிரைக்கு லாடம் கட்டுவோராகவும் மட்டும் இருக்கலாம் என்பது அதன் கருத்து. வெள்ளையருக்கும் இந்தியப் பெண்டிருக்கும் பிறந்த பிள்ளைகளைக் குறித்து எழுந்த ஆணை இது. அன்னோர் துப்பாக்கி ஏந்தத் தகாதவர், தோல் கருவி ஏந்தத் தக்கவர் எனக் கருதப்பட்டனர். ஒதுக்கப்பட்டவர் கையில் இசைக் கருவியைக் கொடுத்து ஓரத்தில் நிற்க வைப்பது நம் ஊர்ச் சாதியின் வழக்கம் மட்டும் அன்று என்பதை இதனால் அறிகிறோம்.

படையில் நம் முன்னோர்

சென்னைப் படையில் ஆதிதிராவிடர் பெருந்தொகையினராகப் பணிபுரிந்தனர். 1780ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்டு, பின்னர்ச் சென்னைச் சாப்பர்ஸ் எனப் புகழ்பெற்ற பொறியியற் படையில் நம்மவரின் உழைப்புப் பெரிது. பாலம் கட்டுதல், பாதை வெட்டுதல், கோட்டைச் சுவரை வெடி வைத்துத் தகர்த்தல் ஆகிய பணிகளில் அவர்கள் சிறந்து விளங்கினர். பம்பாய்ப் படையில் மகார் வீரர் பெற்ற இடமும் இத்தகையதே. 1818ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பீமா ஆற்றங்கரையில் கோரேகாவ்ம் என்னும் ஊரில் நடந்த போரின் நினைவுத் தூணில் மகார் வீரர் 22 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்போரில் சென்னைப் பீரங்கிப் படையினரும் கலந்துகொண்டனர். 1927ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அண்ணல் அம்பேத்கர் அத்தூணின் முன் சென்று வணங்கினார். அன்று முதல் அது நம் மக்கள் ஆண்டுதோறும் கூடும் நினைவிடமாயிற்று.

அண்ணலின் தந்தையார் இராம்சி சக்பால் படையில் சுபேதாராக விளங்கியவர். படைப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் இருந்தவர். அண்ணல் 1891இல் பிறந்ததும் மௌ நகரப் படைக் குடியிருப்பிலேதான். ஊர்ப்பள்ளிகள் நம் பிள்ளைகளுக்குக் கதவடைத்த காலத்தில் படைப்பள்ளி அவர்கட்கு எழுத்தறிவித்தது. கல்விச் சங்கம் நடத்தும் நாம் இதனை மறத்தலாகாது.

ஆயின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் "போர்க்குடிகள்" என்னும் பொய்க் கொள்கை பரவிற்று. வடமேற்கு மாநிலத்தாரே வீரர், தெற்கத்தியார் வீரரல்லர் எனப்பட்டது. 1890களில் மகார்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. நம்மவர் மிகுதியாக இருந்த பயனியர் படையும் 1933இல் கலைக்கப்பட்டது. சாப்பர்ஸ் மட்டும் எஞ்சிற்று. போர் மூண்டபோதெல்லாம் மீண்டும் அழைத்தனர்; போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினர். 1917இல் தோற்றுவிக்கப்பட்ட 111ஆம் மகார் படை 1921இல் கலைக்கப்பட்டமை இதற்குச் சான்று. 1941ஆம் ஆண்டு அக்டோபரில் மகார் ரெசிமெண்டு நிலையாக அமைந்தபின்பே அந்த அலைக்கழிப்பு ஓரளவு நீங்கிற்று. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து தோழர்களின் உயிரைக் காத்து மாண்ட சுபேதார் சுப்பிரமணியன் சென்னைச் சாப்பர்ஸ் படையைச் சார்ந்த தமிழரே. ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் அவர்.

மலையும் துணைப்படையும்

இனித் துணைப்படைக்கு வருவோம். முழுநேரப் படைவீரர் தவிர, வேறு தொழில் செய்துகொண்டே ஆண்டில் சில நாள் பயிற்சி பெற்று, வேண்டும்போது அழைக்கப்படுவோர் துணைப்படையினர் ஆவர். ஆங்கிலேயர் ஆட்சியில் இத்துணைப்படையிலும் பந்தி வேறாகவே இருந்தது. 1920இல் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் சேர ஒரு படை. இந்தியர் சேர மற்றொரு படை. தென்னாட்டு மலைத்தோட்ட முதலாளிகள் குதிரைமீதமர்ந்து பயின்ற "சதர்ன் பிராவின்சஸ் மவுண்டட் ரைபிள்ஸ்" முதல் வகையைச் சார்ந்தது. தோட்ட முதலாளி துணைப்படை வீரர். தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்த நம்மவரோ வெறும் கூலிகள்.

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்கள் தோன்றியது 1820களில், சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவரின் முயற்சியாலாகும். மலைக்குரிய மலையாளிப் பழங்குடியினருடன் சமவெளியிலிருந்து சென்ற நம் முன்னோரும் அத்தோட்டங்களில் உழைத்தனர். தோட்ட வாழ்க்கைக்கும் படைக்கும் ஒரு சொல் தொடர்பு உண்டு. இலங்கை மலையகத்தில் விடியற்காலையில் தொழிலாளர் கூடிப் பெயர் கொடுக்கும் இடத்தைப் "பிரட்டுக்களம்" என்பர். படையினரின் "பரேடு" என்னும் சொல்லே அங்கு பிரட்டு ஆயிற்று. இருள் பிரியுமுன் லயங்களின் முன்னே தப்படித்துத் தொழிலாளரை எழுப்பியதும் அங்கு வழக்கம். தப்படித்தவர் நம்மவர், எழுந்தோடியவரும் நம்மவர். கட்டளை மட்டும் பிறருடையது.

1947இல் வெள்ளையர் துணைப்படை கலைக்கப்பட்டது. 1948இல் பிரதேச இராணுவச் சட்டம் இயற்றப்பட்டது. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் அப்படையைத் தொடங்கி வைத்தவர், அந்நாளில் கவர்னர் செனரலாக விளங்கிய இராசாசி. 1917இல் நம் சேலம் நகராட்சியின் தலைவராகப் பொறுப்பேற்றவரும் அவரே. ஆண்டுதோறும் அக்டோபர் 9 அப்படையின் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 18 முதல் 42 வயதுக்குட்பட்டோர், சாதி மத வேறுபாடின்றி, தம் தொழிலை விடாமலே அதில் சேரலாம் என்பது விதி. 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் அப்படையினர் பணியாற்றியுள்ளனர். கோவையில் உள்ள 110ஆம் காலாட்படைப் பட்டாலியன் சென்னை ரெசிமெண்டைச் சார்ந்த பிரதேச இராணுவப் பிரிவாகும். முதலாளிக்கு ஒரு படை, கூலிக்கு மற்றொரு படை என்னும் வேறுபாடு அத்துடன் ஒழிந்தது.

படை இசைஞரின் கடமைகள்

படையில் இசைஞர் வெறும் அலங்காரத்திற்கு உள்ளவர் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அணிவகுப்பில் இடக்கால் தரையில் படும்போது பேஸ் டிரம் முழங்க வேண்டும். அம்முழக்கத்தைக் கொண்டே நூற்றுக்கணக்கானோர் ஒரே கால் வைப்பர். போர் மூண்டால் இசைஞர்கள் கருவிகளை வைத்துவிட்டுக் காயம்பட்டோரைத் தூக்கிவரும் டோலிக்காரர்களாகப் பணிபுரிவது நெடுநாளைய படைமரபு. மாண்டவர்க்கு முழங்கும் அதே கைகள் உயிரோடிருப்பவரைக் காக்கவும் பயன்படுகின்றன.

நினைவுச் சடங்குகளில்தான் இசைஞரின் பணி உச்சம் பெறுகிறது. வீரன் ஒருவன் இறந்தால் டிரம்களைக் கறுப்புத் துணியால் போர்த்துவர். ஓசை அடங்கி, நெஞ்சில் கை வைத்தாற்போல் ஒலிக்கும். வீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்பர். பியூகிள் எனப்படும் ஊதுகொம்பில் "லாஸ்ட் போஸ்ட்" ஊதப்படும். முற்காலத்தில் அது, இரவில் காவலிடங்களை எல்லாம் பார்வையிட்டு முடித்தாயிற்று என்பதை அறிவிக்கும் ஊதலாகும். இறந்தவனுக்காக ஊதும்போது, "உன் காவல் முடிந்தது; இனி உறங்கு" என்பது அதன் பொருளாகிறது. பின்னர் மௌனம். மௌனத்தின் முடிவில் துயிலெழுப்பும் ஊதல் ஒலிக்கும். இரவுக்குப்பின் விடியல் உண்டு என்பதே அதன் குறிப்பு.

சனவரி 30ஆம் நாள் முற்பகல் 11 மணிக்கு நம் பள்ளிகளில் இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறோம். அதே வேளையில் தில்லி இராசகாட்டில் பியூகிள் ஊதப்படுகிறது. அதற்கு முந்தைய நாள் மாலை, தில்லி விசயசௌக்கில் முப்படைப் பேண்டுகளும் கூடிப் பாசறை திரும்பும் நிகழ்ச்சியை நடத்துகின்றன. காந்தியடிகள் விரும்பிய "அபைடு வித் மீ" என்னும் கிறித்துவப் பாடலின் இசை நெடுங்காலம் அங்கு ஒலித்து, 2022இல் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. மெட்டு மாறலாம், மறைந்தோரை இசையால் நினைவுகூரும் மரபு மாறவில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப்போரில் மாண்ட 856 பேரை நினைவுகூரும் போர்க் கல்லறைத் தோட்டத்திலும், 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்திலும் அம்மரபே வாழ்கிறது.

இவ்விசை கற்றுத் தேர வேண்டிய கலை. 1950 முதல் மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் படையிசைக்கென்றே பயிற்சிப் பள்ளி இயங்கி வருகிறது. அங்கு இசைக்குறிகளைப் படிக்கவும் எழுதவும் கற்பிக்கின்றனர்.

மலையில் யாம் கண்ட பெரியவர்

ஏற்காட்டு மலையில் யாம் பணியாற்றிய ஊரின் அருகே நம்மவர் குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கு வாழ்ந்தவரே யாம் முன்னர்க் குறிப்பிட்ட பெரியவர். பெயரை வெளியிட அவர் குடும்பத்தார் விரும்பாமையால் பெரியவர் என்றே குறிப்பிடுகிறோம். இளமையில் பிரதேச இராணுவத்தில் சேர்ந்து, அப்படையின் பேண்டில் சைடு டிரம் வாசித்தவர். ஆண்டில் முகாமுக்குச் செல்லும் காலம் போக எஞ்சிய நாள்களில் தோட்டத்தில் காப்பி பறித்தும், சில்வர் ஓக்கு மரங்களில் ஏறி மிளகு பறித்தும் வாழ்ந்தார். படையிலிருந்து விடுபட்ட பின்னும் அவருடைய இரு டிரம் குச்சிகள் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டுத் தகரப் பெட்டியில் இருந்தன.

எம் பள்ளிக்குப் பேண்டு வேண்டும் என்று யாம் அவரிடம் சென்றபோது, "டிரம் வாங்காதீங்க சார், முதல்ல ரெண்டு பலகை கொடுங்க" என்றார். மூன்று திங்கள் பலகையிலேயே பயிற்சி நடந்தது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் மலையாளிப் பிள்ளைகளும் ஒரே பலகையின் முன் அமர்ந்து கற்றனர். கை நேராக வந்த பின்னரே டிரம் வந்தது. குடியரசு நாளன்று அப்பிள்ளைகள் கொடியின் முன் வாசித்தபோது, கூட்டத்தின் கடைசியில் அவர் விறைப்பாக நின்றிருந்ததை யாம் கண்டோம்.

சில திங்கள் கழித்து, அப்பகுதியில் செல்வாக்குள்ள குடும்பம் ஒன்றில் இறப்பு நேர்ந்தது. மலையில் உள்ள நம் இளைஞர்கள், பிற சாதியார் சாவுக்குப் பறையடிப்பதில்லை என்று அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உறுதி பூண்டிருந்தனர். ஆகவே அக்குடும்பத்தார் பெரியவரிடம் ஆள் அனுப்பினர். "பட்டாளத்தில் அடித்தவன்தானே, வந்து அடிக்கட்டும், பணம் தருகிறோம்" என்றனர். பெரியவர் கூறிய விடையை அவர் வாயாலேயே யாம் கேட்டோம். "நான் அடிச்சது கொடிக்கு. கூட நின்னு செத்தவனுக்கு. கூப்பிட்ட வாசல்ல எல்லாம் அடிக்கிறவன் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன் சார்." அந்தக் காப்பிப் பருவம் முழுவதும் அவருக்கு அங்கு வேலை தரப்படவில்லை. அவர் எவரிடமும் முறையிடவுமில்லை. பள்ளிப் பயிற்சிக்கு ஒருநாளும் தவறவுமில்லை.

சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். பள்ளிப் பேண்டின் பிள்ளைகள் எம்மிடம் வந்து, அவருக்கு வாசிக்க வேண்டும் என்றனர். குடியிருப்பில் வாக்குவாதம் எழுந்தது. "சாவுக்கு அடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, நம் பிள்ளைகளே சாவுக்கு அடித்தால் நாளைக்கு மற்றவர்கள் என்ன கேட்பார்கள்?" என்று இளைஞர்கள் சினந்தனர். அவர்கள் கூற்றில் நியாயம் இருந்தது. யாமும் தயங்கினோம். எம் தந்தையார் விடிய விடிய அடித்துவிட்டு, விரல்கள் வீங்கி வீடு திரும்பிய காட்சி எம் கண்முன் நின்றது. அப்பொழுது பெரியவரின் மனைவியார் எழுந்து, "அடிடான்னு அதிகாரம் பண்ணினப்போ அவரு அடிக்கல. இப்போ யாரும் அதிகாரம் பண்ணல. புள்ளைங்களா வந்து கேக்குது. அடிக்கட்டும்" என்றார். அதன்பின் எவரும் மறுத்துரைக்கவில்லை.

தேசியக் கொடியை நாங்கள் போர்த்தவில்லை. அரசு மரியாதையும் படை மரியாதையும் பெறுவோர்க்கன்றி மற்றையோர்க்கு அதனைப் போர்த்தச் சட்டம் இடந்தராது. பழைய குடைத் துணியைக் கிழித்து டிரம்மைப் போர்த்தினர் பிள்ளைகள். நால்வர் மெல்ல அடித்துச் சென்றனர். அடக்கம் முடிந்ததும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பியூகிள் ஊதினாள். இரண்டிடங்களில் சுரம் உடைந்தது. எனினும் அவள் இறுதி வரை ஊதி முடித்தாள். சாலையில் வந்த தோட்டத் தொழிலாளரும், மலையாளிப் பெரியோர் சிலரும், யார் சாதி என்ன என்று கேளாமல் வண்டியை நிறுத்தி இறங்கி நின்றனர்.

இரு முழக்கங்களின் வேறுபாடு

மாணவன் கேட்ட வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். தோல் ஒன்றே, சாவும் ஒன்றே. ஆயினும் வேறுபாடுகள் நான்கு உள.

முதலாவது, விருப்பம். படை இசைஞன் தானே விரும்பிச் சேர்ந்தவன்; காலம் முடிந்தால் விலகலாம். ஊர்ப்பறையனுக்குப் பிறப்பே ஆணையாக இருந்தது. இரண்டாவது, கல்வி. படையிசைக்குப் பள்ளியும் பாடமும் தேர்வும் உண்டு. பறைக்கும் நுட்பமான அடவுகளும் தாளங்களும் உண்டு. ஆனால் அதனைக் கல்வியென்று ஊர் ஒப்பவில்லை. மூன்றாவது, ஊதியம். ஒன்றுக்குச் சம்பளம் என்று பெயர். மற்றொன்றுக்குப் பிச்சை போன்ற படி. நான்காவது, எல்லாவற்றினும் பெரியது, மதிப்பு. படையில் டிரம் முழங்கும்போது தளபதியும் விறைத்து நிற்கிறார். ஊரில் பறை முழங்கும்போது, முழக்கியவன் மட்டுமே குனிந்து நின்றான்.

ஆகவே இழிவு கருவியில் இல்லை, கட்டாயத்தில் இருந்தது. பறையைத் துறந்த நம் முன்னோர் துறந்தது அக்கட்டாயத்தையே. அவர்கள் செய்தது சரி. இன்று அதே பறையைத் தம் விருப்பத்தால் ஏந்தி, மேடையில் முழக்குவோரும் சரியே. மதுரைப் பகுதியைச் சார்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டபோது, எம் தந்தையாரின் வீங்கிய விரல்களை நினைத்து யாம் கண்ணீர் வடித்தோம்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் பகுதியிலிருந்து படைக்குச் சென்றவர்களின் பெயர்ப்பட்டியல் எவரிடமும் இல்லை. முதல் உலகப்போருக்குப் பின், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்று எண்ணிக்கையை மட்டும் பொறித்த கல் பல ஊர்களில் வைக்கப்பட்டது. எண் உண்டு, பெயர் இல்லை. அப்பெயர்கள் நம் பாட்டிமாரின் நினைவிலும், தகரப் பெட்டிகளில் உள்ள பதக்கங்களிலும், மங்கிப்போன ஓய்வூதியப் புத்தகங்களிலும் எஞ்சியுள்ளன. அவர்கள் மறையுமுன் இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று, காலாட்படை, பொறியியற் படை, பிரதேச இராணுவம் என வேறுபாடு பாராமல், சமையற்காரராக இருந்தாலும் இசைஞராக இருந்தாலும், பெயர், ஊர், பணியாற்றிய ஆண்டுகள் ஆகியவற்றைக் குறித்து வருவார்களாக. அப்பெயர்களைத் தாங்கும் பலகை ஒன்று நம் சங்கக் கூடத்தில் அமைய வேண்டும் என்பது எம் அவா.

பள்ளி மாணவர்கள் தேசிய மாணவர் படையில் சேர்தல் வேண்டும். பேண்டில் இடம் கிடைத்தால் தயங்காது ஏற்றல் வேண்டும். காதால் கேட்டு வாசிப்பதோடு நில்லாமல் இசைக்குறிகளையும் கற்றல் வேண்டும். எவரேனும் உங்களை அதிகாரம் செய்து அழைத்தால், மலையில் வாழ்ந்த அப்பெரியவரைப் போல் மறுத்துரைக்கும் துணிவும் வேண்டும்.

அடுத்த சனவரி 30ஆம் நாள் 11 மணிக்கு நீங்கள் மௌனமாக நிற்கும்போது, தேசப்பிதாவையும், பெயர் பொறிக்கப்படாத நம் வீரர்களையும், அவர்கட்காகக் கறுப்புத் துணி போர்த்திய முரசை முழக்கிய இசைஞர்களையும் ஒருசேர நினையுங்கள். பெரியவரின் டிரம் குச்சிகள் இரண்டும் இன்றும் எம் பள்ளியின் கண்ணாடிப் பேழையில் உள்ளன. புதிதாகப் பேண்டில் சேரும் பிள்ளை எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தாலும், முதல் நாள் பயிற்சியை அக்குச்சிகளைக் கொண்டே தொடங்குகிறது, பலகையின்மேல்தான்.